ஐஸ் பெட்டிக்கு எந்தக் கம்பெனி?

எங்கள் வீட்டு நடையில் மூன்று மாதமாக ஒரு பெட்டி கிடக்கிறது. வெளியே நீல ஃபைபர், உள்ளே வெள்ளை ஃபைபர், நடுவில் நுரை. உள்பக்கச் சுவரில் நான்கு தட்டைப் பலகைகளைச் செருகலாம். பலகைக்குள் உப்புக் கரைசல். ராத்திரி ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, விடியற்காலையில் பெட்டியில் செருகினால் மீனுக்குப் போடும் ஐஸ் சீக்கிரம் கரையாது. அக்கா மகள் தன் எம்.டெக். ஆய்வுக்காகச் செய்தது. அவளுடைய ஆயா (பாட்டி) நாற்பது வருடமாகக் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறவர். தெர்மாகோல் பெட்டியும் ஈரச் சாக்கும்தான் அவருடைய குளிர்பதனம். பதினோரு மணி வெயிலில் ஐஸ் தண்ணீராகி ஓட, சங்கரா மீனின் கண் மங்க மங்க விலை இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண், ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது வேறு எதைச் சொல்வாள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்: "மாமா, இதை வெளியே கொண்டுவரணும். செக்ஷன் எட்டா, பிரைவேட் லிமிடெட்டா?"

செக்ஷன் எட்டு என்றால் லாபத்தைப் பிரித்துக்கொள்ளாத கம்பெனி, பிரைவேட் லிமிடெட் என்றால் சாதாரண வியாபாரக் கம்பெனி. மண்ணடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கணக்குப் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆயா தலை நிமிராமல் கேட்டார்: "பொட்டி ஒடைஞ்சா எவன் துட்டு குடுப்பான்?"

என் பதில் வாயிலேயே நின்றுவிட்டது. கம்பெனிச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. ஆனால் எந்த வகை அமைப்பு என்று யோசிக்கிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று பட்டது. அப்புறம் நான்கு ஞாயிறு உட்கார்ந்து பேசினோம். கல்லூரி லேபில் பிறந்த பொருளை ஊருக்குள் கொண்டுவருவது பற்றி ஆய்வாளர்கள் எழுதியதை அவள் படித்துச் சொன்னாள். சட்டத்தை நான் பார்த்தேன். எந்தெந்த வழி உண்டு, எது எங்களுக்குச் சரிவரும் என்று ஒப்பிட்டதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டி யாருடையது?

அவள் செய்த பெட்டி அவளுடையது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். அது அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வில் கிடைக்கும் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அங்கே பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பத்தைக் கைமாற்றிவிடும் அலுவலகங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். இங்கேயும் அதே சாயலில் 2008இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த விதியைப் பார்க்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2019இல் கொண்டுவந்த தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை ஒரு வழிகாட்டி. கல்லூரியின் இடம், கருவி, ஆதரவு ஆகியவற்றைப் பயன்படுத்தி எழும் கம்பெனியில் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு கேட்கலாம் என்கிறது. கல்லூரிக்குச் சம்பந்தமில்லாமல், அதன் நேரத்தையும் கருவியையும் தொடாமல் செய்ததென்றால் முழுக்கக் கண்டுபிடித்தவருக்கே.

இவள் நுரை ஊற்றியது கல்லூரிப் பட்டறையில். வெப்பத்தை அளந்த கருவிகளும் அவர்களுடையவை. ஆகவே கல்லூரிக்குப் பங்கு உண்டு. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை வேறொரு இடத்தில். கல்லூரியில் ஒரு கண்காட்சி வைத்து, இந்தப் பெட்டியைக் குறுக்கே வெட்டிக் காட்டுவதாக இருந்தார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பம் போடும் முன்னால் இப்படி ஊருக்குக் காட்டினாலோ, ஆய்வேட்டை நூலகத் தளத்தில் ஏற்றினாலோ 'புதுமை' போய்விடும், காப்புரிமை கிடைக்காது. நம் சட்டத்தில் இதற்குள்ள சலுகை, அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் அவையில் வாசித்த கட்டுரை என்று சில சூழல்களுக்கு மட்டும்தான். நல்லவேளை, இரண்டு வாரம் முன்னால் தெரிந்தது. தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை முதலில் பதிந்து வைக்கும் ஆரம்ப விண்ணப்பம்) தாக்கல் செய்தால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். கல்வி நிறுவனங்களுக்கு அந்தக் குறைவான கட்டணம் 2021இல்தான் வந்தது. எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யும் முன் செய்யவேண்டியது இது. கம்பெனியைப் பிறகும் தொடங்கலாம். ஊருக்குக் காட்டிவிட்டதைத் திரும்ப மூட முடியாது.

இதிலிருந்துதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒவ்வொரு வழியையும் 'இது நல்லதா' என்று பார்க்காமல், 'தப்பு என்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா' என்று பார்த்தேன். கூடவே ஆயாவின் கேள்வி.

பெரிய கம்பெனிக்கு உரிமம் கொடுத்துவிடுவது

கல்லூரிக்குப் பிடித்த வழி இதுதான். காப்புரிமையைக் கல்லூரி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஐஸ் பெட்டி செய்கிற கம்பெனிக்கு உரிமம் கொடுக்கும். விற்பனையில் ராயல்டி வரும். அதில் அவளுக்கு ஒரு பகுதி. அவள் வேறு வேலைக்குப் போகலாம்.

கேலி செய்ய வேண்டிய வழியில்லை இது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, நானோ வெள்ளித் துகளை வைத்துக் குடிநீரிலிருந்து பூச்சிமருந்து எச்சத்தை நீக்கும் முறையைக் கண்டுபிடித்தது. யூரேகா ஃபோர்ப்ஸ் அதை உரிமம் பெற்று வடிகட்டியாக விற்றது. வீடு வீடாக விற்கவும் கார்ட்ரிட்ஜ் மாற்றவும் அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. பேராசிரியர் அதையெல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தால் லேபை மூடவேண்டியதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். ரிச்சர்ட் ஜென்சனும் மேரி தர்ஸ்பியும் அமெரிக்காவில் 62 ஆய்வுப் பல்கலைக்கழகங்களிடம் கேட்டு 2001இல் எழுதினார்கள். உரிமம் கொடுக்கப்பட்ட கண்டுபிடிப்புகளில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் கருத்து நிரூபணமாகவோ (யோசனை வேலை செய்யும் என்று காட்டுவது) லேப் மாதிரியாகவோதான் இருந்தன. உடனே விற்கத் தயாராக இருந்தது 12 சதவீதம் மட்டும். 71 சதவீதத்துக்குக் கண்டுபிடித்தவரே கூட இருந்து உழைத்தால்தான் பொருள் உருப்படும் என்ற நிலை. அதாவது காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது. எங்கள் பெட்டியும் அப்படித்தான். பலகை எந்த உயரத்தில் இருக்கவேண்டும், நுரையை எந்த நேரத்தில் ஊற்றினால் காற்றுக் குமிழி விழாது என்பதெல்லாம் ஆய்வேட்டில் இல்லை. அவள் கையில் இருக்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. எம்.ஐ.டி.யில் பிறந்த ஒரே ஒரு முப்பரிமாண அச்சு முறையை (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்) எட்டுக் குழுக்கள் எட்டு விதமான தொழிலாகப் பார்த்ததை ஸ்காட் ஷேன் 2000இல் எழுதினார். எல்லாருக்கும் தெரிந்தது அதே தொழில்நுட்பம்தான். ஆனால் ஒவ்வொரு குழுவும் தான் ஏற்கெனவே புழங்கிய தொழிலின் கண்ணால் பார்த்தது. பக்கத்துக் குழு கண்டது இதற்குத் தெரியவில்லை. இதை அவள் படித்துச் சொன்ன அன்றைக்கே காசிமேட்டில் ஃபைபர் போட் ஒட்டுகிற ஒருவரிடம் பெட்டியைக் காட்டினோம். குளிரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடியின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்து, "இங்க ஒரு மேட் கம்மியா போட்ருக்கீங்கம்மா, ஆறு மாசத்துல வாய் பிளந்துரும்" என்றார். மேட் என்றால் கண்ணாடி இழைப் பாய். ரெசினும் மேட்டும் வைத்து அரை மணியில் தானே சரிசெய்துவிடலாம் என்றும் சொன்னார். ஆயாவின் கேள்விக்கு முதல் பதில் அங்கேதான் கிடைத்தது. பெரிய கம்பெனி அச்சில் வார்த்து எடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி உடைந்தால் புதிதுதான் வாங்கவேண்டும். ஃபைபர் பெட்டி உடைந்தால் காசிமேட்டிலேயே ஒட்டலாம். அதற்காகக் கொஞ்சம் கனம் கூடினாலும் பரவாயில்லை. தொலைவில் உட்கார்ந்து வடிவமைப்பவருக்கு இந்தக் கணக்கு வராது.

உரிமத்தில் என்னைப் பயமுறுத்துவது ஒரே ஒரு வார்த்தை: 'பிரத்தியேகம்', அதாவது அந்த ஒருவருக்கு மட்டும். பிரத்தியேக உரிமம் வாங்கிய கம்பெனி பெட்டியைச் செய்யாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால்? காப்புரிமை கிடைத்து 3 ஆண்டு கழித்தும் பொருள் நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்காவிட்டால் கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவருக்குக் கிடைப்பது) கேட்கலாம் என்று சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறதே என்றாள். சொல்கிறதுதான். 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அப்படிக் கொடுத்தார்கள், நாடே பேசியது. மீன் பெட்டிக்காக அந்தப் படி ஏற நம்மால் ஆகுமா? அதனால் உரிமம் கொடுப்பதென்றால் பிரத்தியேகம் கூடாது. அல்லது 'ஏற்றுமதிக்கான பெரிய பெட்டிகளுக்கு மட்டும்', 'இத்தனை மாதத்தில் சந்தைக்கு வராவிட்டால் உரிமம் ரத்து' என்று கட்டிப்போட வேண்டும். அப்படி எழுதினால் இந்த வழியில் திரும்பி வரலாம். எழுதாவிட்டால் முடியாது.

பிரைவேட் லிமிடெட்

எல்லாரும் சொல்வது இது. இரண்டு பேர் போதும், இருவரே இயக்குநர்கள், பதிவும் சுலபம். ஸ்டார்ட்அப்புக்கு என்று வரும் பணமெல்லாம் இந்த உருவத்தை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், கருத்து நிரூபணத்துக்கு 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ பின்னால் பங்காக மாறும் பத்திரமாகவோ கிடைக்க வழி உண்டு. அதற்கு அவள் தரமணி ஆராய்ச்சிப் பூங்கா மாதிரி இடத்தில் ஓர் இன்குபேட்டரை (புதுத் தொழில்களுக்கு இடமும் ஆதரவும் தரும் அமைப்பு) பிடிக்கவேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போய்ப் பறக்கும் ரயில் மாறிப் போகவேண்டும். வட சென்னையில் மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராயபுரத்தில் கடலோடிகளுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் சிஃப்நெட் இருக்கிறது. தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் மட்டும் ஏனோ தெற்கே ரயில் ஏறியபடி இருக்கிறார்கள்.

இதில் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளை மட்டுமே கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்த விதை நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு 2 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பதிவு செய்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. பெட்டி இன்னும் ஒரு கோடைக்காலத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போதே கம்பெனியைப் பதிந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் மூடியையும் கீலையும் மாற்றிக்கொண்டிருந்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் வயது கடந்திருக்கும். மத்திய அரசின் நிதி-பிரயாஸ் மானியம் 10 லட்சம் வரை கிடைக்கும். அது முன்மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பதற்கானது. தனிநபராகவே கேட்கலாம், கம்பெனி வேண்டாம். எங்கள் ஆபீசுக்கு வந்த பல இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் கம்பெனி, பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு. அப்புறம் வருடா வருடம் வியாபாரமே இல்லாத கம்பெனிக்குத் தணிக்கை, தாமதக் கட்டணம்.

"இருபத்து நாலு வயசுலதான் மாமா ரிஸ்க் எடுக்கணும்" என்றாள். அவள் படித்த இன்னொரு ஆய்வையே திருப்பிச் சொன்னேன். பியர் அசூலே உள்ளிட்ட நால்வர் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2020இல் எழுதியது: மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான கம்பெனிகளைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே தொழிலில் முன்பே உழைத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். "அப்போ ஆயாவை எம்.டி. ஆக்கிடலாம்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பங்கில் ஆயாவுக்கு இடம் இல்லாத கம்பெனிக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?

பிரைவேட் லிமிடெட்டின் பெரிய சிக்கல் முதலீட்டாளர் வந்த பிறகுதான் தொடங்கும். முதல் பணம் போட்டவர் ஐந்து வருடத்தில் பல மடங்கு கேட்பார். ஆயாவுக்கு ஒரு பெட்டி விற்பதைவிட இறால் ஏற்றுமதியாளருக்கு ஐந்நூறு விற்பது லாபம். அவர் கெட்டவர் இல்லை. அவர் கணக்கு அப்படி. பங்கைக் கொடுத்த பிறகு அதைத் திரும்ப வாங்குவது கல்யாணத்தை ரத்து செய்வது போல. ஆனால் பங்கைக் கொடுக்கும்வரை இந்த வழியில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். பிற்பாடு லாப நோக்கமற்ற கம்பெனியாக மாறவும் வழி உண்டு.

செக்ஷன் எட்டு

அவளுக்கு மனசு இதில்தான். "லாபத்துக்காக இல்லை" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் கம்பெனி லாபம் சம்பாதிக்கலாம். பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சம்பளம் கொடுக்கலாம், பெட்டி விற்கலாம். கல்லூரி இன்குபேட்டர்களில் பலவும் செக்ஷன் எட்டுக் கம்பெனிகள்தாம்.

அவள் கணக்கு இப்படி: மணலியிலும் எண்ணூரிலும் இத்தனை பெரிய ஆலைகள். சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இந்தக் கரை வாளியால் அள்ளியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மறுபடி வந்தது. மீன்காரப் பெண்களுக்கு ஐஸ் பெட்டி என்றால் இந்த ஆலைகள் கொடுக்காமல் இருக்குமா?

கொடுக்கலாம். ஆனால் இவளுக்கு இல்லை. அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் வெளி அமைப்புக்கு வருமான வரியில் அறப்பணி அமைப்பு என்ற பதிவும் நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (1961 சட்டத்தில் 12ஏ, 80ஜி) வேண்டும், சமூகப் பொறுப்புப் பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அதோடு அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்டவேண்டும். நேற்றுப் பிறந்த கம்பெனிக்கு மூன்று வருடம் எங்கிருந்து வரும்? இதைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. இது தெரியாமலே செக்ஷன் எட்டுப் பதிந்தவர்கள் ஏராளம்.

திரும்பும் வழியும் இங்கே குறுகல். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒருவர் நல்ல எண்ணத்தில் செக்ஷன் எட்டு தொடங்கினார். நான்காம் வருடம் பொருள் நன்றாக ஓட, முதலீடு தர ஆள் வந்தார். வாங்கிக்கொள்ளப் பங்குதான் இல்லை, லாபம் தராத பங்கை யார் வாங்குவார்? சாதாரணக் கம்பெனியாக மாற்றலாம் என்று பார்த்தால், சிறப்புத் தீர்மானம், பத்திரிகை அறிவிப்பு, மண்டல இயக்குநரின் ஒப்புதல், வரித்துறைக்குத் தகவல். சேர்ந்திருக்கும் உபரியை முதலில் சட்டப்படியான பாக்கிகளுக்குக் கட்டி, மீதியை மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்கவேண்டும். அவர் மாற்றவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி தொடங்கினார். இரண்டுக்கும் கணக்கு எழுதியே நான் கிழவனானேன்.

பெண்களே முதலாளியானால்

தயாரிப்பாளர் கம்பெனி என்று ஒரு வகை இருக்கிறது. கூட்டுறவும் கம்பெனியும் கலந்தது. பழைய கம்பெனிச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நுழைந்து, இப்போது 2013 சட்டத்தின் 21ஏ அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறது. குறைந்தது 10 பேர், 5 முதல் 15 இயக்குநர்கள், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பிரைவேட் லிமிடெட்டில் 200 பேருக்கு மேல் உறுப்பினராக முடியாது. இதில் அந்த உச்சவரம்பு இல்லை. விளைபொருளோடு தொடர்புடைய எந்த வேலை செய்பவரும் சட்டப்படி 'தயாரிப்பாளர்' என்பதால், மீன் பிடிப்பவர் மட்டுமல்ல, விற்பவரும் சேரலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டத்தின் பட்டியலில் இருப்பது மீன் வளர்ப்பு என்ற சொல். கடல் மீனை அதில் எப்படி அடக்குவது என்பதை நோக்கங்களை எழுதும்போதே கம்பெனி செக்ரட்டரி சரியாக எழுதித் தரவேண்டும்.

கரையோர மக்கள் தொழில்நுட்பத்தைத் தாங்களே கையில் எடுத்த கதை இந்தப் பக்கத்தில் உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கிராமச் சங்கங்கள் ஏலத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்ததில் தொடங்கி, பிளைவுட் போட் கட்டும் பட்டறை, மோட்டார் பழுதுபார்க்கும் இடம் என்று போனது. போட் விற்றவனே ரிப்பேருக்கும் பொறுப்பு. ஏனென்றால் அவனுக்கு முதலாளியே போட் வாங்கியவன்தான். ஆயாவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்த அமைப்பிலும் இல்லை.

ஆனால் அது ஏலத்தில் தொடங்கியது, பெட்டியில் இல்லை. கூட்டு வியாபாரம் முதலில் நின்றது, பட்டறை அதன் மேல் எழுந்தது. பொருளைக் காட்டி ஆளைச் சேர்ப்பது வேறு. காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே கூடைக்காகப் போட்டி போடும் இருபது பெண்களை மாலை ஐந்து மணிக்கு இயக்குநர் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது சந்தா எங்கே வரும்? "நாங்க சேர்ந்தோம்னா மொதல்ல ஐஸ் வெலைய கேப்போம், அப்புறந்தான் பொட்டி" என்றார் ஆயா. சரியான பேச்சு. வெளி முதலீட்டாளருக்கு இதில் இடமில்லை, அது பலமும் பலவீனமும். சட்டத்தில் எழுதியிருக்கும் திரும்பும் வழி, முன்பு பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாக இருந்தவை மறுபடி அப்படி மாறுவதுதான்; புதிதாகத் தொடங்கியதற்கு அதுவும் இல்லை.

இரண்டு தலை

நான்காவது ஞாயிறு அவள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். ஒரு பக்கம் செக்ஷன் எட்டு, மறுபக்கம் பிரைவேட் லிமிடெட், நடுவில் அம்புக்குறி. கலப்பு அமைப்பாம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் அவளுக்கு முன்மாதிரி. 1992இல் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வாங்க விலை கட்டாத கண் லென்ஸை இங்கேயே செய்தது. லாபம் பார்க்கும் தொழிற்சாலை, ஆனால் உடைமை அறக்கட்டளையிடம். நான் அதில் கவனித்தது வேறு: ஆரோலேப் பிறக்கும்போது அதன் முதல் வாடிக்கையாளர் பக்கத்திலேயே, 1976இலிருந்து வளர்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு அந்த மருத்துவமனை எங்கே?

கலப்பு அமைப்புகள் பற்றிய ஆய்வுகளில் இரண்டு எங்களுக்கு உறைத்தன. பொலிவியாவில் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் இரண்டு நிறுவனங்களை ஜூலி பத்திலானாவும் சில்வியா டொராடோவும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். ஒன்று சமூக சேவையில் பழகியவர்களையும் வங்கியில் பழகியவர்களையும் கலந்து எடுத்தது. இரு தரப்பும் முட்டிக்கொண்டன. இன்னொன்று எந்தப் பழக்கமும் இல்லாத புதியவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்தது. அது சண்டையில்லாமல் நின்றது. மோதல் பதிவுப் பத்திரத்தில் இல்லை, வேலைக்கு எடுக்கும் ஆட்களில் இருக்கிறது என்று அவள் படித்துச் சொன்னபோது எங்கள் ஆபீசின் எதிரெதிர் மேசைகள் நினைவுக்கு வந்தன. இரண்டாவது, பிரான்சில் வேலையில்லாதவர்களைச் சேர்த்துப் பயிற்சி தரும் நிறுவனங்களைப் பற்றி ஆன்-கிளேர் பாஷும் ஃபிலிப் சாந்தோஸும் 2013இல் எழுதியது. வியாபாரப் பின்னணியிலிருந்து வந்தவைதான் தங்கள்மேல் நம்பிக்கை வரவேண்டும் என்று சமூகத் துறையின் நடைமுறைகளை அதிகமாக எடுத்துக்கொண்டன. கம்பெனி என்று பெயர் வைத்தால் கரை மக்களை மறந்துவிடுவோம் என்று அவள் பயந்தது அவ்வளவு நிச்சயமில்லை என்று ஆனது.

எப்படியானாலும் மூன்று பேருக்கு இரண்டு அமைப்பு என்பது இரண்டு தணிக்கை, இரண்டு வங்கிக் கணக்கு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரித்துறையிடம் விளக்கம். பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம்.

எங்கே வந்து நின்றோம்

என் யோசனை இதுதான்: இந்த வருடம் கம்பெனியே வேண்டாம். காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பத்தைக் கல்லூரி பெயரில், அவள் கண்டுபிடிப்பாளராக, உடனே போடுவது. கல்லூரியிடம் பிரத்தியேகமில்லாத உரிமத்துக்கான கடிதத்தை எழுத்தில் வாங்குவது. உள்நாட்டுச் சில்லறை மீன் விற்பனைக்கான பெட்டிகள் வேறு யாருக்கும் பிரத்தியேகமாகப் போகாது என்று ஒரு வரி அதில் இருக்கவேண்டும். முன்மாதிரிக்கான மானியத்தைத் தனிநபராகக் கேட்பது. பத்துப் பெட்டி செய்து, ஒரு கோடையும் ஒரு மழையும் பத்துப் பெண்களிடம் கொடுத்துப் பார்ப்பது. அதன் பிறகு பிரைவேட் லிமிடெட். வெளிப் பங்கு கொடுப்பதற்கு முன் பழுதுபார்க்கும் வேலையைக் காசிமேட்டு ஃபைபர்காரர்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிடுவது. அந்தப் பத்துப் பெண்கள் தாங்களாகவே ஐஸைச் சேர்ந்து வாங்க ஆரம்பித்தால், தயாரிப்பாளர் கம்பெனிக்கு அவர்களே வழி காட்டுவார்கள். எங்கள் கம்பெனி அவர்களுக்குப் பெட்டி விற்கும்.

அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை. செக்ஷன் எட்டு என்ற ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. கல்லூரி பிரத்தியேகம் கேட்டு வற்புறுத்தினால் என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. கல்லூரி அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

பெட்டி மட்டும் காத்திருக்கவில்லை. நேற்று விடியற்காலை ஆயா யாரையும் கேட்காமல் அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது உள்ளே ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது, மூடியின் கீல் ஒன்று பிய்ந்து தொங்கியது. வழியிலேயே ஃபைபர்காரரிடம் கேட்டாராம்: புதுக் கீலும் ஒட்டும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய். அவள் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள். ஆயா அந்த நூற்றைம்பதைக் கேட்டுக் கையை நீட்டியபடி நின்றார்.